பிக்கிள்பாலில் உங்கள் ஆட்டம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கேட்டவர் பல வருடம் ஷட்டில் ஆடியவர். துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை ‘பேடில்’ என்ற தட்டை மட்டையால் நெட்டுக்கு மேல் அடித்து ஆடும் பிக்கிள்பாலுக்கு வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. கோர்ட்டில் சிலர் அவரை ‘பேங்கர்’ என்கிறார்கள், அதாவது எதையும் ஓங்கி அடிப்பவர். வழக்கமாகக் கூட ஆடும் பார்ட்னரோ, ‘உங்க பலமே டிஃபென்ஸ்தான், அடிக்கப் போகாதீங்க’ என்கிறார். இதில் எது உண்மை, என் ஸ்டைல் எது, அதற்கு எந்த பேடில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

பேடிலைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஸ்டைல்.

ஸ்டைல் என்றாலே எல்லோரும் நாலு வகை சொல்வார்கள். வேகமாக அடிப்பவர், மெதுவாக வைத்து ஆடுபவர், எதிராளி அடிக்கட்டும் என்று காத்திருந்து திருப்பிக் கொடுப்பவர், எல்லாம் கலந்து ஆடுபவர். வகைகளில் தப்பில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்த ஷாட்டை வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். தலைக்கு மேல் எழும்பி வந்த பந்தை அடிக்காதவர் யார்? அந்த ஸ்மாஷ் எல்லோருக்கும்தான் பிடிக்கும். அடிக்கவும் செய்யலாம், மெதுவாக வைக்கவும் செய்யலாம் என்று இரண்டு வழியும் திறந்திருந்த பந்தில், யோசிக்க நேரம் இல்லாதபோது, உங்கள் கை எதை எடுத்தது? உங்கள் ஆட்டம் அங்கேதான் தெரியும். ஒரு கேமில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் இடம், மூன்றாவது ஷாட். இந்த ஆட்டத்தின் விதியே இந்த ஷாட்டைச் சிக்கலாக்கி வைத்திருக்கிறது. சர்வ் ஒருமுறை தரையில் பட வேண்டும், அதற்கு வரும் ரிட்டர்னும் ஒருமுறை பட வேண்டும். அதற்கப்புறம்தான் பந்தைக் காற்றிலேயே எடுக்கலாம். அதனால் சர்வ் போட்டவர்கள் பேஸ்லைனிலேயே, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டிலேயே, மாட்டிக்கொள்வார்கள். ரிட்டர்ன் போட்டவர்கள் ஓடிவந்து கிச்சன் கோட்டில் நின்றுகொள்வார்கள். கிச்சன் என்பது நெட்டிலிருந்து 7 அடி வரை உள்ள பகுதி. அதற்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. நெட் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். ஆக, நெட்டிலிருந்து 22 அடி பின்னால் நிற்கும் நீங்கள், முன்னால் வந்து நின்றுவிட்ட இரண்டு பேரை ஏதாவது செய்தாக வேண்டும். மெதுவாக வளைந்து கிச்சனுக்குள் விழும் டிராப் ஒரு வழி. நெட்டை ஒட்டி வேகமாகப் போகும் டிரைவ் இன்னொரு வழி. எதிராளியின் தலைக்கு மேல் தூக்கிப் போடும் லாப் என்று ஒன்றும் உண்டு, ஆனால் மூன்றாவது ஷாட்டாக அதை நம்பி ஆடுபவர்கள் குறைவு.

எல்லா மூன்றாவது ஷாட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். ரிட்டர்ன் குட்டையாக விழுந்து நன்றாக எழும்பினால் யாரும் டிரைவ்தான் அடிப்பார்கள். ஆழமாக வந்து காலடியில் விழுந்தால், முடிந்ததைத்தான் ஆடுவீர்கள். இந்த இரண்டும் இல்லாமல், நடுத்தர ஆழத்தில், தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே வசதியாக வந்த ரிட்டர்ன்கள் இருக்கும். அவற்றை மட்டும் எண்ணுங்கள். அதில் பத்துக்கு ஏழு டிரைவ் என்றால் அது ஒரு தகவல்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். டிரைவ் அடித்த அடுத்த நொடி உங்கள் கால் என்ன செய்தது என்று பாருங்கள். டிரைவ் அடித்துவிட்டு இரண்டு மூன்று எட்டு முன்னால் வந்து, எதிராளி பிளாக் செய்த அந்த ஐந்தாவது பந்தை மெதுவாக டிராப் செய்து கிச்சன் கோட்டைப் பிடிக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களை பேங்கர் என்பது தவறு. சுலபமான பந்தை வரவழைப்பதற்காக டிரைவைப் பயன்படுத்துகிறீர்கள். உங்கள் மனம் இருப்பது முன்வரிசையில். அடித்த இடத்திலேயே நின்று அடுத்ததையும் அடித்து, அதற்கடுத்ததையும் அடிப்பவர்தான் பேங்கர். இரண்டு பேருடைய மூன்றாவது ஷாட்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ‘பேங்கர்’ என்று உங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அடுத்த இடம், பேஸ்லைனுக்கும் கிச்சனுக்கும் நடுவே உள்ள பகுதி. முன்னால் வந்துகொண்டிருக்கும்போது பந்து காலடிக்கு வரும். சிலர் அந்த இடத்தில் நின்று, முழங்காலை மடக்கி, பேடிலைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தி, பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு கிச்சனுக்குள் விழ வைப்பார்கள். இதுதான் ரீசெட். இன்னும் சிலர் ஓடிக்கொண்டே வீசுவார்கள். இதில் ஸ்டைலை அதிகம் தேட வேண்டாம். ரீசெட் எல்லோருக்கும் வேண்டிய திறமை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள்: இந்த நடுப்பகுதியில் மாட்டிக்கொள்ளும்போது உங்களுக்குப் பதற்றம் வருகிறதா, வரவில்லையா? பதற்றமே இல்லாமல் மூன்று நாலு பந்தை அங்கிருந்தே கீழே வைத்துக்கொண்டிருக்க முடிகிறவர்களுக்கு டிஃபென்ஸ் இயல்பிலேயே இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பது மிகவும் கஷ்டம்.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. நாலு பேரும் கிச்சன் கோட்டில் நின்று டிங்க், அதாவது எதிராளியின் கிச்சனுக்குள் விழும்படி பந்தை மெதுவாக வைத்து, ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பந்து கொஞ்சம் தூக்கலாக வருகிறது. ரொம்ப உயரம் இல்லை, நெட் உயரத்துக்கு வந்து போகும் பந்து. ஸ்மாஷ் அடிக்க முடியாது. வேகப்படுத்தலாம், விட்டுப்பிடிக்கவும் செய்யலாம். உங்கள் கை என்ன செய்கிறது?

இதில் பார்க்க மூன்று விஷயம் இருக்கிறது. பந்தைக் காற்றிலேயே எடுக்கிறீர்களா, தரையில் பட விடுகிறீர்களா என்பது முதலாவது. காற்றில் எடுப்பவர் எதிராளியின் நேரத்தைத் திருடுகிறார்; அது அடிக்காமலே செய்யும் தாக்குதல். தரையில் பட விடுபவர் தனக்கு நேரம் வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது, வேகப்படுத்தினால் எங்கே வேகப்படுத்துகிறீர்கள். எதிராளியின் வலது அக்குள் பக்கம், அதாவது பேக்ஹேண்டும் எட்டாமல் ஃபோர்ஹேண்டும் மடங்கிப்போகும் இடத்தைக் குறிவைக்கிறீர்களா, சும்மா எதிரே இருப்பவர் மேல் வீசுகிறீர்களா? மூன்றாவதுதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்: அடித்த பந்து திரும்பி வந்தபோது உங்கள் பேடில் எங்கே இருந்தது?

தாக்கி ஆடுபவரின் பேடில், அடித்து முடித்த உடனே நெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கும். தான் அடித்தால் அது திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். முதல் அடியில் பாயின்ட் முடியும் என்று அவர் நினைப்பதில்லை. மூன்றாவது அடியில் முடிப்பதற்காக முதல் அடியை அடிக்கிறார். அடித்துவிட்டு பேடில் இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்க, திரும்பி வந்த பந்து நெஞ்சில் பட்டு விழுகிறது என்றால், அது தாக்குதல் ஸ்டைல் இல்லை. டிங்க் ஆடும் பொறுமை தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். பொறுமை தீர்ந்து அடிப்பதையும் திட்டம் போட்டு அடிப்பதையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு அடையாளம் போதும்.

காத்திருந்து திருப்பி அடிப்பவர்களை நம் ஊர்க் கோர்ட்டுகளில் யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். அவர்களையும் ‘டிஃபென்ஸ் ஆள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நான் ஆடும் இடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருகிறார். முழங்கால் தேய்மானம், ஓட மாட்டார். டிங்க் ரேலியில் அவர் முதலில் வேகப்படுத்தி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவரைப் பார்த்து அடித்தவர்கள் பெரும்பாலும் அந்த பாயின்ட்டை இழப்பார்கள். பேடிலை மோவாய்க்குச் சற்றுக் கீழே, பேக்ஹேண்ட் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்திருப்பார். அந்த நிலையில் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரைக்கும் வரும் எந்தப் பந்தையும் பேக்ஹேண்டிலேயே எடுத்துவிடலாம். முழங்கை உடம்பை விட்டு முன்னால் இருக்கும். கையை வீச மாட்டார். பந்து வந்து படும், இரண்டு அங்குலம் தள்ளுவார், அடித்தவர் காலடியில் போய் விழும். இன்னொன்று, தோளுக்கு மேல் வரும் பந்தைத் தொடவே மாட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து விட்டுவிடுவார், அது பேஸ்லைனைத் தாண்டிப் போய் விழும். எந்தப் பந்து வெளியே போகும் என்ற கணிப்பு அவருக்கு அத்தனை துல்லியம்.

அவர் ஆடுவது டிஃபென்ஸ் இல்லை. எதிராளியை அடிக்கவைத்து அந்த வேகத்தை வைத்தே ஜெயிக்கிறார். டிஃபென்ஸ் ஆடுபவர் பந்தின் வேகத்தைக் கொன்று ரேலியை மறுபடி டிங்க்குக்குக் கொண்டுவருவார். இவர் அந்த வேகத்தை அப்படியே திருப்பிவிடுவார். உங்களிடம் யாராவது வேகமாக அடிக்கும்போது பிடி தானாகத் தளர்கிறதா, இறுகுகிறதா என்று கவனியுங்கள். தளர்ந்தால் நீங்கள் ரீசெட் ஆள். இறுகி முன்னால் தள்ளினால் கவுண்டர் ஆள். இரண்டுமே நல்லதுதான், ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி வேண்டும்.

இதையெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது கவனிக்க முடியாது. மொபைலைக் கோர்ட்டுக்குப் பின்னால் வலையில் மாட்டி, முழுக் கோர்ட்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வேலி கம்பியில் மாட்ட மவுண்ட்டுகள் கிடைக்கின்றன. எடுத்த வீடியோவில் ஜெயித்த பாயின்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மேலே சொன்ன இடங்கள் வரும்போது மட்டும் நிறுத்தி, ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே போங்கள். பாயின்ட் எப்படி முடிந்தது என்பதைவிட, எந்தப் பந்தில் சாயத் தொடங்கியது என்று தேடுங்கள். கடைசி அடி பெரும்பாலும் வெறும் முடிப்பு. அதற்கு இரண்டு பந்து முன்னால்தான் யாரோ ஒருவர் நல்லதோ கெட்டதோ ஒரு முடிவு எடுத்திருப்பார்.

எதிரே யார் இருந்தார்கள் என்பதும் முக்கியம். உங்களைவிடப் பலவீனமானவர்களோடு ஆடிய வீடியோவில் எல்லோருமே தாக்குதல் ஆட்டக்காரர்கள்தான். பந்து தூக்கித் தூக்கி வரும், அடித்தால் போச்சு. கொஞ்சம் மேல் மட்டத்தில் உள்ளவர்களோடு, தோற்கும் வாய்ப்பு அதிகம் உள்ள கேமை எடுங்கள். ஆட்டக்காரரின் திறமையை எண்ணில் சொல்லும் டூப்பர் (DUPR) ரேட்டிங் 2.000-இலிருந்து 8.000 வரை போகிறது. உங்களுடையது 3.2 என்றால், 3.6, 3.7 ஆட்களோடு ஆடியதைப் பாருங்கள். அங்கே எளிதான பந்து வராது. அழுத்தத்தில் உங்கள் கை எங்கே போகிறதோ, அது நம்பத்தக்க தகவல்.

வெளிக்கோர்ட், உள்கோர்ட் வித்தியாசமும் உண்டு. வெளியே ஆடும் பந்தில் பொதுவாக 40 சின்னத் துளைகள், பிளாஸ்டிக் கொஞ்சம் கடினம், வேகமாக வரும். உள்ளே ஆடும் பந்தில் பொதுவாக 26 பெரிய துளைகள், மென்மையாக, மெதுவாக வரும். உள்ளே ஆடிப் பழகியவர் வெளியே வந்தால் அவருடைய டிராப் நீளமாகப் போகும். உடனே ‘எனக்கு டிராப் வராது’ என்று டிரைவுக்கு மாறிவிடுவார். மொட்டை மாடிக் கோர்ட்டில் சாயங்காலக் காற்றில் ஆடியதை வைத்தும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, இப்போது ஷட்டில் விஷயம். ஷட்டிலிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒரு குழப்பம் இருக்கிறது, உங்கள் கேள்வியின் முடிச்சே அதுதான் என்று நினைக்கிறேன். கோர்ட் அளவு இரண்டுக்கும் ஒன்றே: 20 அடி அகலம், 44 அடி நீளம். 1965-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் இந்த ஆட்டத்தை ஆடத் தொடங்கியதே ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில்தான். அதனால் காலுக்குப் பழகிய தூரங்கள் மாறுவதில்லை. மணிக்கட்டு வேகம், தலைக்கு மேல் வருவதைக் கணிப்பது, நெட்டருகே பதறாத கை, எல்லாம் கூடவே வரும். வராதது தரையில் பட்டு எழும்பும் பந்தைக் கையாளும் பழக்கம். ஷட்டிலில் தரையைத் தொட்டால் பாயின்ட் முடிந்துவிடும். கம்பளி நூல் பந்தில் ஆடும் நம் பூப்பந்திலும் அப்படித்தான். அங்கிருந்து வருபவர்களிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம்.

அதனால் ஷட்டில் ஆள் பேஸ்லைனில் நின்று மூன்றாவது ஷாட் ஆடும்போது, எழும்பி வரும் பந்தைக் கீழிருந்து மேலே தூக்கி வளைக்கத் தெரியாமல், தட்டையாக ஒரு டிரைவ் விடுவார். அது வேகமாகவும் போகும், சத்தமாகவும் போகும். பார்ப்பவர்கள் ‘பேங்கர்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதே ஆள் கிச்சன் கோட்டுக்கு வந்துவிட்டால் வேறு மனிதர். டிங்க்கைக் காற்றிலேயே எடுத்து இங்கே அங்கே வைப்பார், வேகமாக வந்ததை அலட்டிக்கொள்ளாமல் பிளாக் செய்வார். அங்கே பார்த்த பார்ட்னர், ‘டிஃபென்ஸ்தான் உங்க பலம்’ என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் உங்களைப் பின்னால் பார்த்தார், இன்னொருவர் முன்னால் பார்த்தார்.

கைவசம் இல்லாத ஷாட்டை ஸ்டைல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிராப் வராததால் டிரைவ் அடிப்பவர் டிரைவைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு வேறு வழி இல்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, ஒரு மாதமாவது டிராப் பயிற்சி எடுங்கள். பார்ட்னரைக் கிச்சன் கோட்டில் நிறுத்தி, நீங்கள் முதலில் நடுவிலிருந்தும், அப்புறம் பேஸ்லைனிலிருந்தும் டிராப் போடுங்கள். பத்துக்கு ஆறு ஏழு கிச்சனுக்குள் விழும் அளவுக்கு வந்த பிறகு, மறுபடி ஒரு வீடியோ எடுத்து எண்ணுங்கள். டிராப் கையில் இருந்தும் டிரைவைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், சரி, அது உங்கள் ஸ்டைல், தாராளமாக அடியுங்கள். எண்ணிக்கை தலைகீழாக மாறியிருந்தால், இத்தனை நாள் நீங்கள் வேறொருவர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

டென்னிஸிலிருந்து வருபவர்களுக்கு இது எதிர்த்திசையில் நடக்கும். பேஸ்லைனில் அற்புதமாக இருப்பார்கள், கிச்சனில் பேடிலைப் பின்னால் இழுத்து வீசுவதற்குள் பந்து தாண்டிவிடும். டேபிள் டென்னிஸ்காரர்களுக்குக் குட்டையான வீச்சு, பேக்ஹேண்ட் ஃபிளிக், ஸ்பின் எல்லாம் தயாராக இருக்கும். காலைத்தான் பழக்க வேண்டும்.

பழைய ஆட்டம் ஒரு தொடக்கத்தைத் தரும், அதற்குமேல் அது எதையும் தீர்மானிப்பதில்லை. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தொழில்முறை பிக்கிள்பால் ஆடும் ஜான்ஸ் சகோதரர்கள். தம்பி பென் ஜான்ஸ் சின்ன வயதில் டென்னிஸும் டேபிள் டென்னிஸும் ஆடியவர், 2016-இல் பிக்கிள்பாலுக்கு வந்தார். அண்ணன் காலின் ஜான்ஸ் தொழில்முறை டென்னிஸ் ஆடியவர். டென்னிஸ் சுற்றிலிருந்து வருகிறவர் என்றால் பெரிய டிரைவ்களை எதிர்பார்ப்போம். ஆனால் இருவரும் சேர்ந்து ஆடிய ஆண்கள் டபுள்ஸில் காலின் வலது பக்கம் நின்று டிராப்புக்கு மேல் டிராப், ரீசெட்டுக்கு மேல் ரீசெட் என்று ஆடுவார். தப்பே செய்ய மாட்டார். இடது பக்கம் நிற்கும் பென் நடுப்பந்தை எடுப்பது, திடீரென்று வேகப்படுத்துவது, கிச்சனுக்கு வெளியே பக்கவாட்டில் பாய்ந்து எர்னி அடிப்பது என்று சுற்றிக்கொண்டிருப்பார். காலின் கொடுக்கும் நிதானம் இல்லாமல் பென்னுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்திருக்காது. பல வருடம் அந்த ஜோடியை வெல்வது மிகவும் கஷ்டமாக இருந்தது. 2024 முடிவில் ஜோடி பிரிந்து, 2025-இல் பென், கேப் டார்டியோ என்ற இளைஞரோடு ஆடத் தொடங்கினார்.

பழைய வீடியோக்களில் காலினை மட்டும் ஒரு முழு கேம் பாருங்கள் என்று நான் பலரிடம் சொல்வதுண்டு. பந்து எங்கே இருந்தாலும் கண்ணை காலின் மேலேயே வைத்துப் பாருங்கள். எத்தனை முறை அடிக்க வாய்ப்பிருந்தும் அடிக்காமல் விட்டார் என்று தெரியும். அதே மாதிரி தொழில்முறை ஆட்டக்காரர் அன்னா லீ வாட்டர்ஸை ஒரு கேம் பாருங்கள். 2007-இல் பிறந்தவர், 2017-இல் இர்மா புயலுக்குத் தப்பித் தாத்தா வீட்டுக்குப் போன இடத்தில் இந்த ஆட்டத்தைத் தொட்டவர். இரண்டு கையால் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்டில், மற்றவர்கள் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் பந்துகளை அவர் திருப்பி அடிப்பார். பார்க்கும்போது யாருடைய முடிவுகள் உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகின்றன, யாருடையது ‘ஐயோ, இங்கே ஏன் இப்படி’ என்று தோன்றுகிறது? அதுவும் உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். ஆனால் வீடியோவில் எண்ணியதற்கு அடுத்தபடியாகத்தான் இதை வைக்க வேண்டும்.

டபுள்ஸில் ஸ்டைல் என்பது ஒருவருடையது மட்டும் இல்லை. வலது கைக்காரர் இருவர் ஆடினால், இடது பக்கம் நிற்பவருக்கு ஃபோர்ஹேண்ட் நடுவில் இருக்கும். அதனால் நடுவில் வரும் பந்துகள் பெரும்பாலும் அவருக்கு, முடிக்கும் வாய்ப்பும் அவருக்கு. வலது பக்கம் நிற்பவர் ரேலியைக் காப்பாற்றி, பேக்ஹேண்டில் நிதானமாக ஆடி, பந்தைக் கீழேயே வைத்திருக்க வேண்டும். வலது பக்கத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. என் பார்வையில் அது ஆட்டத்தின் கடினமான வேலைகளில் ஒன்று. வழக்கமான பார்ட்னரோடு ஒருநாள் முழுக்க, ஸ்டாக்கிங் செய்தாவது, அதாவது சர்வ் அல்லது ரிட்டர்ன் ஆனதும் பக்கம் மாறி நின்றாவது, நீங்கள் இடது பக்கமே ஆடுங்கள். அடுத்த வாரம் வலது பக்கமே ஆடுங்கள். எந்தப் பக்கம் நின்றபோது அதிகம் ஜெயித்தீர்கள் என்பதோடு, எந்தப் பக்கம் நின்றபோது மனம் நிம்மதியாக இருந்தது என்றும் பாருங்கள். இடது பக்கம் நின்று, நடுப்பந்து வரும்போதெல்லாம் ‘அவர் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று தோன்றினால், தாக்கி ஆடுவது உங்களுக்கு இயல்பில்லை. வலது பக்கம் நின்று ஐந்தாறு டிங்க்குக்குள் கை துறுதுறுத்தால், அதுவும் பதில்தான்.

உடம்பையும் கணக்கில் எடுங்கள். கை நீளமானவர்களுக்கு டிங்க்கைக் காற்றில் எடுப்பது சுலபம். முழங்கால் மடங்காதவர்களுக்குத் தரையோடு வரும் பந்து தொல்லை. அவர்களும் முன்னால் சாய்ந்து காற்றிலேயே எடுக்கப் பழகுவது நல்லது. தோளில் பழைய காயம் உள்ளவர் தலைக்கு மேல் அடிக்கும் ஓவர்ஹெட்டை நம்பி ஆட்டத்தை அமைக்கக் கூடாது.

இனி உங்களுக்கு நேரடியான பதில். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நீங்கள் பேங்கர் இல்லை என்றே நினைக்கிறேன். பின்னால் நிற்கும்போது டிராப் கைவராமல் அடிக்கிறீர்கள். முன்னால் வந்தபின் ஷட்டில் கை வேலை செய்கிறது. நீங்கள் கவுண்டர் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஷட்டில் டபுள்ஸில் முன்வரிசையில் நின்று தட்டையான டிரைவ்களை வாங்கிப் பழகியவர்களுக்கு இது கிட்டத்தட்ட பிறவிக்குணம் மாதிரி வந்துவிடுகிறது. பார்ட்னர் ‘அடிக்கப் போகாதீங்க’ என்று சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அடிக்கப் போக வேண்டாம், ஆனால் அவர்கள் அடித்தால் தயங்காமல் திருப்பி அடியுங்கள். டிங்க்கைக் கொஞ்சம் அடிக்கத் தோன்றும் இடத்தில், அதாவது அவர்கள் நீட்டி எடுக்க வேண்டிய அகலத்தில் வைத்து, அவர்களை அடிக்கவைக்கப் பாருங்கள். நீட்டிக்கொண்டு அடிக்கும் பந்தில் வேகம் குறைவாக இருக்கும், திசையும் முன்கூட்டியே தெரியும்.

இதைச் சரிபார்க்க இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மேலே சொன்ன டிராப் பயிற்சி. இன்னொன்று, பார்ட்னரும் நீங்களும் கிச்சன் கோட்டில் எதிரெதிரே நின்று, அவர் எப்போது வேண்டுமானாலும் வேகப்படுத்தலாம், நீங்கள் முதலில் வேகப்படுத்தக் கூடாது என்று 11 பாயின்ட் ஆடுங்கள். அப்புறம் விதியை மாற்றி, நீங்கள் மட்டும் வேகப்படுத்தலாம் என்று ஒரு 11 ஆடுங்கள். எந்த கேமில் ஸ்கோர் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். ஒருநாள் ஆடி முடிவு செய்யாமல் சில வாரங்கள் செய்யுங்கள். ஆள் மாற்றியும் செய்யுங்கள். ஷட்டில்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காற்றில் அடித்த வேகத்தில் கால் கிச்சனுக்குள் போய்விட்டால், பந்து எங்கே விழுந்திருந்தாலும் அது ஃபால்ட். முன்னால் பாயும் பழக்கத்தை இந்தப் பயிற்சியிலேயே கட்டுப்படுத்திவிடுங்கள்.

பேடில். விதிப்படி நீளமும் அகலமும் சேர்த்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதனால் நீளம் கூடினால் அகலம் குறையும். கடைகளில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு வடிவம்: 16.5 அங்குல நீளம், 7.5 அகலம் உள்ள நீளமான பேடில். 16-க்கு 8 உள்ள அகலமான பேடில். நீளமானதில் எட்டும் தூரமும் டிரைவ் வேகமும் கூடும், ஆனால் முனையில் கனம் தெரியும், கைவேகம் கொஞ்சம் குறையும், பந்து சரியாகப் பட வேண்டிய பகுதி சிறியது. அகலமானது மன்னிக்கும் குணம் உள்ளது, நெட்டருகே வேகமாகத் திரும்பும். உள்தடிமன் 16 மில்லிமீட்டர் என்றால் பொதுவாக மென்மை, நிதானம். 14, 13 என்று குறையக் குறையப் பந்து துள்ளிப்போகும்.

உங்கள் ஆட்டத்துக்கு நான் சொல்வது, 16 மில்லிமீட்டர், அகல வடிவம், 220 முதல் 230 கிராம். கவுண்டருக்குக் கைவேகம்தான் முக்கியம், டிராப் பழகும் காலத்தில் தடிமன் உதவும். ஷட்டில் ராக்கெட் பழகிய கைக்கு எந்த பேடிலும் முதலில் கனமாகத்தான் தோன்றும். அதனால் கடையில் காற்றில் வீசிப் பார்த்து வாங்காதீர்கள், யாருடையதையாவது இரண்டு கேம் கடன் வாங்கி ஆடிப் பாருங்கள். டிராப் பயிற்சி முடிந்து எண்ணிக்கை டிரைவ் பக்கம் சாய்ந்தால், அப்போது நீளமான 14-க்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை கையில் இருப்பதை வைத்தே ஆடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.